ஓடாத வண்டியில் ஓடிய மீட்டர்

"இந்த வண்டியில இன்னும் மாத்தாம விட்ட சாமான் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஹாரன்," என்றாள் நர்ஸ். "அதுவும் நேத்திலேர்ந்து தொண்டை கட்டின மாதிரி கத்துது."

மேஜை மேல் ஒரு செருப்பு டப்பா. உள்ளே செருப்பு இல்லை, ஏழு மாதத்து ரிப்பேர் பில்கள். மூடி மூட முடியாதபடி பிதுங்கிக்கொண்டிருந்தன. காலை எட்டு மணிக்கு, ராத்திரி டியூட்டி முடிந்த கையோடு, கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருக்க, அந்த டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்திருந்தாள்.

மாடி என்றால் பேட்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் சர்வேயரம்மாவின் துப்பறியும் ஆபீஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருஷம் அடிபட்ட வண்டிகளை அளந்து பார்த்தவர் அந்தம்மா. பம்பரை ஒரு தடவு தடவினால் போதும், எதிரே நிற்பவன் சொல்வதில் எத்தனை பங்கு பொய் என்று சொல்லிவிடுவார். மாஸ்டர் அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்கூலை மூடிவிட்டார், வாயை மட்டும் இன்னும் மூடவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் சர்வேயரம்மா.

"எங்கண்ணன் டெய்லர். ஏழு பேர் உட்கார்ற க்ராஸோவர் கார் வெச்சிருந்தாரு. ஒன்பது வருஷ வண்டி. ஏழு மாசம் முன்னாடி எனக்கு வித்தாரு. அன்னிக்குப் பிடிச்சது சனி. வண்டி என் வீட்டுல நின்னதை விட மெக்கானிக் வீட்டுல நின்னதுதான் ஜாஸ்தி. உங்கண்ணன் பழைய இரும்பை உன் தலையில கட்டிட்டாருன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. பேச்சு முத்தி, நாலு மாசமா அண்ணனும் நானும் பேசறதில்ல. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போக வராரு. பணத்தையும் குடுத்துடறாராம். புதுக் கடைக்கு அட்வான்ஸ் குடுக்க வெச்சிருந்த பணம்."

"வண்டியும் தொலையுது, பணமும் வருது. அப்புறம் எதுக்கு நாங்க?" என்றார் மாஸ்டர்.

"வண்டியோட அண்ணனும் போயிடுவாரு சார்." நர்ஸின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பா அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான். ஏமாத்தினாருன்னா ஏமாத்தினாருன்னு சொல்லுங்க, அழுதுட்டு விட்டுடறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள தெரியணும்."

மாஸ்டருக்கே அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. அது அபூர்வம்.

சர்வேயரம்மா பில்களைச் சீட்டுக்கட்டு போல மேஜையில் போட ஆரம்பித்தார். இடது பக்கம் ஒரு கும்பல், வலது பக்கம் ஒரு கும்பல். 

"இந்தக் கும்பல் வயசு," என்று இடது பக்கத்தைத் தட்டினார். "என்ஜின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் ஹோஸ், முன் சக்கர பேரிங், ஏ.சி. கம்ப்ரசர். லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டி இதெல்லாம் கேட்கத்தான் செய்யும். யார் வித்திருந்தாலும் கேட்கும். பழைய வண்டி வாங்கறவங்க எல்லாரும் விலையை மட்டும் கையில வெச்சுக்கிட்டு வாங்கறாங்க. முதல் வருஷ ரிப்பேருக்குன்னு தனியா ஒரு தொகை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் வாங்கணும். இதுல உங்கண்ணன் மேல குத்தம் இல்ல."

"அப்ப அந்தக் கும்பல்?"

"அது கால். ஏழு மாசத்துல ரெண்டு கிளட்ச் பிளேட். ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார். இடது பக்கம் மட்டும் ரெண்டு டயர். மூணு ஹேண்ட்பிரேக் கேபிள். இது வயசுல வர்ற வியாதி இல்லம்மா. யாரோ ஒருத்தர் காலால வந்த வியாதி."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. "என் காலையா சொல்றீங்க?"

"சேச்சே!" என்று மாஸ்டர் குறுக்கே விழுந்தார். "நீங்க வண்டியை நிறுத்தினதை ஜன்னல்லேர்ந்து பார்த்தேனே. ஆபரேஷன் ஆன ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி நிறுத்தினீங்க. அந்தக் காலுக்கு நான் மெடலே குடுப்பேன்."

"அப்ப மீட்டர்?" நர்ஸ் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பழக்க தோஷம், நோயாளிக்கு சார்ட் போடுவது போல வண்டிக்கும் போட்டிருந்தாள். எடுத்த நேரம், நிறுத்திய நேரம், கிலோமீட்டர், என்ஜின் சூடு, கீழே சொட்டிய எண்ணெய் எத்தனை சொட்டு என்பது உட்பட. "பாருங்க. நிறுத்தினப்போ இருந்ததுக்கும் மறுபடி எடுக்கறப்போ இருந்ததுக்கும் நாலு கிலோமீட்டர் வித்தியாசம். தினம் இல்ல, சில நாள் மட்டும். நின்ன இடத்துலயே மீட்டர் ஓடுது! அண்ணன் மீட்டரைத் திருகியிருக்காரு, அதான் அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு வீட்டுக்காரர் சொல்றாரு."

சர்வேயரம்மா நோட்டைப் புரட்டினார். "இந்தச் சில நாள் எல்லாம் உனக்கு ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்த நாளா?"

நர்ஸ் விரல் விட்டுப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஆமா. பகல்ல தூங்கற நாள்."

"கனமான தூக்கமோ?"

"காதுல பஞ்சு, ஜன்னல்ல ரெண்டு திரை. வீடே இடிஞ்சாலும் மூணு மணிக்குத்தான் எழுந்திருப்பேன்."

"கீழ போய் வண்டியைப் பார்ப்போம்," என்று சர்வேயரம்மா எழுந்தார்.

பேட்டரிக் கடை வாசலில் வண்டி சாதுவாக நின்றது. சர்வேயரம்மா கதவைத் திறக்கவில்லை, என்ஜினைப் பார்க்கவில்லை. முன்னால் குனிந்து, தலையைச் சாய்த்து, வெயில் பட்ட பானெட்டின் விளிம்பை ஓரக்கண்ணால் பார்த்தார். மாஸ்டரும் குனிந்தார். தூசி மேல் இரண்டு உள்ளங்கை அச்சு. பத்து விரலும் பளிச்சென்று, பக்கத்துப் பக்கத்தில்.

"வீட்டுல வண்டியை எப்படி நிறுத்துவே?"

"ரிவர்ஸ்ல. பின்பக்கம் உள்ள போற மாதிரி. காலையில அவசரத்துக்கு நேரா எடுக்கலாமேன்னு."

"வாசல் உள்பக்கமா சரிஞ்சிருக்குமா?"

"லேசா. மேடம், எப்படித் தெரியும்?"

"வீட்டுல யாருக்காவது இடுப்பு வலி?"

"என் வீட்டுக்காரருக்கு. மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு. நாள் பூரா நின்னுக்கிட்டே வியாபாரம், அதனால வர்ற வலி."

சர்வேயரம்மா கண்ணாடிக்காரரைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாஸ்டர் இரண்டு கையையும் பானெட்டில் வைத்து, தள்ளுவது போல நடித்துப் பார்த்தார். அச்சு மேல் அச்சு பொருந்தியது. நேராக எடுத்துக்கொண்டு போகத் தெரியும், ரிவர்ஸில் உள்ளே விடத் தெரியாது. அதனால் முன்னால் நின்று, ஒன்றரை டன் வண்டியை மூச்சுப் பிடித்துத் தள்ளியிருக்கிறான் எவனோ. சிரிப்பை அடக்க மாஸ்டர் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார்.

"நீ வண்டியை வீட்டுல விட்டுட்டு, இன்னிக்கு டபுள் டியூட்டின்னு சொல்லிட்டு வெளிய வா," என்றார் சர்வேயரம்மா. "தெருமுனையில எங்க வண்டி நிக்கும்."

"வண்டியை எடுத்துட்டுப் போகலையான்னு கேட்டாருன்னா?"

"நடுரோட்டுல நின்னுடும்னு சொல்லு. ஏழு மாசமா நீ அதைத்தானே சொல்றே, நம்பிடுவாரு."

ஒன்பது மணிக்கு சர்வேயரம்மாவின் சின்னக் காரில் பின் சீட்டில் ஏறிய நர்ஸ், இரண்டாவது திருப்பத்திலேயே தூங்கிப்போனாள். பாவம், வாயைத் திறந்தபடியே தூங்கினாள். வழியில் மெக்கானிக் ஷெட். மெக்கானிக் டீ கிளாஸோடு வெளியே வந்தார்.

"அந்த க்ராஸோவரா? ஐயோ, அதைப் பத்திப் பேசாதீங்க," என்று பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு கிளட்ச் பிளேட்டை எடுத்துக் காட்டினார். விளிம்பு கருகி, அடுப்பில் மறந்த தோசைக்கல் போல இருந்தது. "புதுசாப் போட்டு ரெண்டரை மாசம். மோந்து பாருங்க."

"வேண்டாம், டிபன் சாப்பிட்டாச்சு," என்றார் மாஸ்டர். பக்கத்தில் கிடந்த ஹேண்ட்பிரேக் கேபிளை எடுத்தார். நீளமாய் இழுபட்டு, நுனியில் கம்பி பிரிந்து நின்றது. அதைப் பார்த்ததும் கிண்டல் எல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது. இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது என் சப்ஜெக்ட். நான் சொல்லட்டுமா?"

"கேட்டுட்டா சொல்லுவீங்க? சொல்லுங்க."

"கிளட்ச் கருகினா ஒருத்தர் வண்டி கத்துக்கறாருன்னு அர்த்தம். நின்னு நின்னு போகும், மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணணும், அதான் ஸ்டார்ட்டர் மோட்டாரும் போச்சு. நடைபாதையில உரசி உரசி இடது டயரும் போச்சு. இதெல்லாம் ஓட்டறவன் செஞ்ச வேலை. ஆனா ஹேண்ட்பிரேக்? ஓடற வண்டியில அதை இழுக்கறது ஓட்டறவன் இல்ல. அவனுக்கு அது ஞாபகமே வராது. பக்கத்து சீட்டுல இருக்கறவன் இழுக்கறான். டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா எங்க கால்கிட்டயே தனி பிரேக் இருக்கும். வீட்டு வண்டியில பக்கத்து சீட்டுக்காரனுக்கு உயிர் பிழைக்க இது ஒண்ணுதான் வழி. மூணு கேபிள் மேடம்! உள்ள ரெண்டு பேர் இருக்காங்க."

சர்வேயரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "சம்பளம் குடுக்கறதுக்கு இன்னிக்குத்தான் ஒரு காரணம் கிடைச்சுது. இப்ப, மீட்டர்ல நாலு. போக, வர, நடுவுல சுத்த எல்லாம் சேர்த்து. வீட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள கத்துக்கறவங்க போற இடம் எது?"

"மூணு இருக்கு. ஒண்ணுக்கு மேம்பாலம் ஏறணும், இந்தக் கால் ஏறாது. இன்னொண்ணுக்கு நடுவுல சிக்னல், அங்க நின்னா மறுபடி கிளம்பாது. மிச்சம் மூடிக் கிடக்கற ஐஸ் ஃபேக்டரி மைதானம். வேற இடமே இல்ல."

பத்து மணிக்கு ஐஸ் ஃபேக்டரி மைதானத்தில், சுவரோரம் அடுக்கியிருந்த மரப்பெட்டிகளுக்குப் பின்னால் சின்னக் கார் ஒளிந்து நின்றது. பின் சீட்டில் நர்ஸ் இன்னும் தூக்கம். பத்தேகாலுக்கு கேட் பக்கம் உறுமல் கேட்டது.

க்ராஸோவர் வந்தது. வந்தது என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். விக்கல் எடுத்த ஆள் நடப்பது போல் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு, மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, நேராகச் சுவரைப் பார்த்துக் கிளம்பியது. ஸ்டியரிங்கில் இருந்தவர் மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருக்க, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, "ஐயோ, ஐயோ!" என்று கத்தினார். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. கிறீச்! வண்டி சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"ஹேண்ட்பிரேக்," என்று மாஸ்டர் பெருமையோடு கிசுகிசுத்தார். பிறகு அந்தக் கைக்குரியவரைப் பார்த்தார். ஐம்பது வயது ஆள். முகமெல்லாம் வியர்வை. கழுத்தில் மாலை போல் ஒரு அளவு டேப் தொங்கியது.

மாஸ்டருக்கு ஒரு கணம் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. "மேடம், அது டெய்லர்! பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன்!"

"நான் கண்ணாடிக்காரரைத்தான் எதிர்பார்த்தேன்," என்றார் சர்வேயரம்மா. அவருக்கே குரல் தடுமாறியது. "இவரை எதிர்பார்க்கல."

இருவரும் வெளியே வந்தார்கள். நர்ஸ் விழிக்கக் கூடாதென்று மாஸ்டர் கதவை மெதுவாகத்தான் சாத்தினார். ஆனால் அது பழைய கதவு, மெதுவாகச் சாத்தினால் சாத்தவே சாத்தாது. இன்னொரு தடவை அடித்துச் சாத்த வேண்டியிருந்தது.

க்ராஸோவரிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம் இரண்டு பேருக்கும். சர்வேயரம்மா தான் யார், யாருக்காக வந்திருக்கிறார் என்று சொன்னதும் கண்ணாடிக்காரர் வண்டிக் கதவோடு ஒட்டிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, மாஸ்டரை உற்றுப் பார்த்தார்.

"மாஸ்டர்? நீங்களா!"

"என்னை எப்படித் தெரியும்?"

"மறப்பேனா? எனக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்ததே நீங்கதானே! பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

மாஸ்டர் சுவரோர மரப்பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். சர்வேயரம்மா மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

"டெஸ்ட் அன்னிக்கு இன்ஸ்பெக்டர் பின் சீட்டுல," என்றார் கண்ணாடிக்காரர். "பக்கத்துல நீங்க. கிளட்ச் உங்க கால், பிரேக் உங்க கால். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தேன், அவ்வளவுதான். இறங்கினதும் முதுகுல தட்டி, பிரமாதமா ஓட்டினேன்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

"அன்னிக்கு இருபத்திமூணு பேர் வரிசையில நின்னாங்க," என்று மாஸ்டர் முனகினார். தரையில் ஒரு ஓட்டை கிடைத்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"ரெண்டு கிளட்ச், மூணு கேபிள், ஒரு மோட்டார், ரெண்டு டயர்," என்றார் சர்வேயரம்மா. "குற்றவாளி என் ஆபீஸ்லயே டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு."

டெய்லர் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. "தங்கச்சிக்குத் தெரிய வேணாம்மா," என்று கை கூப்பினார். "கல்யாணப் பேச்சு நடந்தப்போ கார் ஓட்டுவீங்களான்னு கேட்டேன், மாப்பிள்ளை லைசென்ஸைக் காட்டினாரு. அந்த நம்பிக்கையிலதான் வண்டியை இவங்களுக்குக் குடுத்தேன். ராத்திரி டியூட்டி முடிஞ்சு வர்றவளை இவர் போய்க் கூட்டிட்டு வருவாருன்னு. குடுத்த மறுவாரம்தான் போன் பண்ணி உண்மையைச் சொன்னாரு."

"அவ ஒரு நாள் சிக்னல்ல தூங்கிட்டா," என்றார் கண்ணாடிக்காரர். "பின்னாடி இருந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சு எழுப்பியிருக்கான். சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னா. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. எப்படியாவது கத்துக்கணும்னு மச்சான் கால்ல விழுந்தேன். கிளட்ச் பில்லு வந்து, ஏன் இப்படி ஆகுதுன்னு அவ கேட்டப்போ பயத்துல வாய் உளறிடுச்சு. உங்கண்ணன் ஏமாத்திட்டாருன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதைத் திருப்பி எடுக்க முடியல. ஒரு பொய்யைக் காப்பாத்த மீட்டர் வரைக்கும் போயிட்டேன்."

"நீங்க ஏன் சார் பேசாம இருந்தீங்க?" என்று மாஸ்டர் டெய்லரைக் கேட்டார். "ஊர் முழுக்க ஏமாத்துக்காரன்னு பேர். கடை அட்வான்ஸ் வேற போகுது."

"வண்டி என்கிட்ட இருந்தா செலவு என் தலையோட போயிடும், மாப்பிள்ளையும் சாவகாசமாக் கத்துக்கலாம்." டெய்லர் டேப்பின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார். "அண்ணன் மேல கோபம்னா அவ வீட்டுல நிம்மதி கெடாது சார். புருஷன் மேல நம்பிக்கை போயிடுச்சுன்னா தினம் தினம் கெடும். நான் தாங்கிக்கறேன்னு நினைச்சேன். நாலு மாசம் ஆகும்னு நினைக்கல."

"நினைச்சீங்களா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் சீட்டுத் தையலின் வரி பதிந்திருந்தது. எப்போதிருந்து நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசி கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

நேராகப் புருஷனிடம் வந்தாள். "வண்டியை எடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எதிர் வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதுன்னு சொன்னீங்களே! மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சுக்கிட்டு, கண்ணு கூசுதாம்!"

"தப்புதான்," என்றார் அவர்.

"ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். ஒரு நாள் சிரிச்சிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்." அண்ணன் பக்கம் கையை நீட்டினாள். "எங்கண்ணனைத் திருடன்னு நம்ப வெச்சீங்களே."

அவர் தலை குனிந்து நின்றார். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது.

அவள் அடுத்தபடியாக மாஸ்டர் பக்கம் திரும்பினாள். மாஸ்டர் ஒரு அடி பின்வாங்கினார்.

"நாளைலேர்ந்து காலையில ஆறு மணிக்கு இவருக்கு நீங்க சொல்லிக் குடுக்கறீங்க. ஒரு மாசம். ஃபீஸ் எல்லாம் கிடையாது. இந்தத் தடவை உங்க காலைச் சம்மணம் போட்டு சீட்டு மேல வெச்சுக்கணும்."

"சரிங்க சிஸ்டர்," என்றார் மாஸ்டர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

மிச்சம் டெய்லர்தான். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் கிளம்பறேன், அஞ்சு மணிக்கு வந்து வண்டியை..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். நர்ஸ் யூனிஃபார்மின் தோளை இழுத்து விட்டுக்கொண்டாள். சண்டை போட்டவர்களுக்கு வார்த்தை இருக்கிறது, சண்டை முடிந்தவர்களுக்கு எங்கே இருக்கிறது? நாலு மாதம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. மாஸ்டர் சர்வேயரம்மாவைப் பார்த்தார். சர்வேயரம்மா சுவரைப் பார்த்தார்.

டெய்லர் மெல்லத் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. ஒரு அடி முன்னால் வந்து இன்னும் உற்றுப் பார்த்தார்.

"இந்த யூனிஃபார்மை யாரு தச்சது?"

"வேற யாரோ. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல."

"தோள் ரெண்டு விரக்கடை இறங்கிக் கிடக்கு. கை தூக்க முடியுதா உன்னால?"

நர்ஸ் இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "முடியலண்ணா. நாலு மாசமா முடியல. ஊசி போடறப்போ எல்லாம் இழுக்குது."

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாத ஆள் போல, அழுதபடியே அவள் முதுகுப் பக்கம் வந்து, தோளுக்குத் தோள் டேப்பை வைத்துப் பிடித்தார். கண்ணாடிக்காரர் சட்டைப் பையைத் தடவி, ஒரு ரிப்பேர் பில்லைத் திருப்பி, பேனாவோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"பதினாலரை," என்றார் டெய்லர். "எழுதுங்க மாப்பிள்ளை."